லாபக் கணக்கில் வரும் பரவளையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புக்குக் கணிதம், பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகக் கணிதம். லாபத்தை இருபடிச் சார்பாக (வர்க்கம் வரும் சமன்பாடாக; அதை வரைந்தால் வரும் வளைவுதான் பரவளையம்) எழுதும் கணக்கு வந்தாலே ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருடா வருடம் வருகின்றன. முனையை, அதாவது வளைவு திரும்பும் புள்ளியைக் கண்டுபிடித்துவிடுவார்கள்; பூச்சியங்களை, அதாவது வளைவு கிடைமட்ட அச்சை வெட்டும் இடங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வந்த எண் விலையா, லாபமா, பொட்டலமா என்று கேட்டால் அங்கே நின்றுவிடுவார்கள். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரில் கடை வைத்திருப்பவர்களும் வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே கடையை வைத்துக்கொள்வோம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஒருவர் மாலையில் தள்ளுவண்டியில் மசாலா முந்திரி விற்கிறார். முந்திரி பண்ருட்டியிலிருந்து வருகிறது. ஒரு பொட்டலம் 60 ரூபாய், நாளுக்கு 120 பொட்டலம் போகிறது. விலையை ஒரு ரூபாய் ஏற்றினால் 2 பொட்டலம் குறைகிறது. முந்திரி, எண்ணெய், மசாலா, உறை எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலத்தின் அடக்கம் 40 ரூபாய். விற்றாலும் விற்காவிட்டாலும் ஆள் கூலி 500, வண்டி வாடகை 250, ஆக ஒரு நாளுக்கு 750 ரூபாய் போய்விடும். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். நான் விலைக்கு வி, எண்ணிக்கைக்கு எ, லாபத்துக்கு லா என்று எழுதுகிறேன். எந்த எழுத்து எந்தப் பொருள் என்பது மறக்காமல் இருந்தாலே பாதிச் சந்தேகம் போய்விடும்.

மிஸ், லாபம்னா வரவுல செலவைக் கழிக்கிறதுதானே? இதுல வர்க்கம் எங்கிருந்து வருது?

கழித்தல்தான். ஆனால் கழிப்பதற்கு முன்னால் ஒரு பெருக்கல் இருக்கிறது. ஒரு பொட்டலத்தில் கையில் நிற்பது (வி − 40) ரூபாய். போகும் பொட்டலம் (240 − 2வி). இரண்டையும் பெருக்கி, 750-ஐக் கழித்தால் லாபம். பெருக்கும் இரண்டிலுமே வி இருப்பதால் வி² வந்துவிடுகிறது. விரித்து எழுதினால்:

லா = −2வி² + 320வி − 10350

விலை எவ்வளவு ஏறினாலும் அதே 120 பேர் வாங்குவார்கள் என்று வைத்துப்பாருங்கள். அப்போது லா = 120(வி − 40) − 750. இது வெறும் நேர்கோடு, வர்க்கமே கிடையாது. ஆக, அந்த வர்க்கத்தைக் கொண்டுவருவது வாங்க வருகிறவர்கள்தான். விலையைப் பார்த்து அவர்கள் கை பின்வாங்குவதுதான் சமன்பாட்டில் −2வி² என்று உட்கார்ந்திருக்கிறது.

240 − 2வி-ன்னு நீங்களா எழுதிட்டீங்க. கேள்வித்தாள்ல 240-ன்னு ஒரு எண்ணே இல்லையே?

இருக்காது. நாம்தான் கட்ட வேண்டும். 60 ரூபாயில் 120 பொட்டலம். விலை வி ஆனால் ஏற்றம் (வி − 60) ரூபாய். ரூபாய்க்கு 2 வீதம் குறைந்தால், எ = 120 − 2(வி − 60) = 240 − 2வி. இதைத் தேவைச் சார்பு என்பார்கள். இந்த ஒரு வரியில் தப்பினால் அடுத்து வரும் எல்லாமே தப்பும். அதனால் எழுதியவுடன் வி-க்கு 60 போட்டு 120 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து விநாடி வேலை.

வளைவு ஏன் கவிழ்த்து வெச்ச மாதிரி இருக்கு? எப்பவுமே அப்படித்தானா?

வி²-இன் கெழு, அதாவது அதோடு பெருக்கி நிற்கும் எண், −2. அது குறை எண்ணாக இருப்பதால் பரவளையம் கீழ்நோக்கித் திறக்கிறது, அதற்கு ஒரு பெருமம் உண்டு. கடையில் நின்று பார்த்தாலும் இதே கதைதான். விலை 40 என்றால் கூட்டம் வரும், கையில் ஒன்றும் நிற்காது. விலை 120 என்றால் ஒரு பொட்டலத்தில் 80 ரூபாய் நிற்கும், வாங்க ஆள் வராது. இரண்டு ஓரத்திலும் கையைக் கடிக்கிறது, நடுவில் எங்கோ நன்றாக இருக்கிறது. விலை ஏற ஏற விற்பனை நேர்கோட்டில் குறையும் கணக்குகளில் எப்போதும் இப்படிக் கவிழ்ந்துதான் வரும். நிமிர்ந்த பரவளையம் வந்தால் குறி எங்கோ மாறியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

முனை (80, 2450)-ன்னு வந்துச்சு. இதுல விடை 80-ஆ, 2450-ஆ?

கேள்வியைப் பொறுத்தது. அதிகம் மதிப்பெண் போகும் இடம் இதுதான். "அதிகபட்ச லாபம் எவ்வளவு?" என்றால் 2450 ரூபாய். "அதிகபட்ச லாபம் கிடைக்க எந்த விலைக்கு விற்க வேண்டும்?" என்றால் 80 ரூபாய். "அப்போது எத்தனை பொட்டலம் போகும்?" என்றால் இரண்டுமே இல்லை; 240 − 2 × 80 = 80 பொட்டலம். இந்தக் கணக்கில் விலையும் 80, எண்ணிக்கையும் 80 என்று ஒத்துப்போனது தற்செயல். அதனால்தான் எண்ணுக்குப் பக்கத்தில் ரூபாய், பொட்டலம் என்று எழுதாமல் என் வகுப்பில் யாரையும் விடுவதில்லை.

"மைனஸ் பி பை டூ ஏ" பரீட்சை நேரத்துல மறந்துபோச்சுன்னா?

முனை எங்கே என்று சொல்லும் சூத்திரம் அது. மறந்தால் பிரித்து வைத்த பெருக்கலைப் பாருங்கள்: (வி − 40)(240 − 2வி) = 2(வி − 40)(120 − வி). விலை 40 என்றால் முதல் காரணி பூச்சியம், 120 என்றால் இரண்டாவது பூச்சியம். பரவளையம் சமச்சீரானது, முனை இரண்டுக்கும் நட்டநடுவில்தான் இருக்கும். (40 + 120) ÷ 2 = 80. முடிந்தது. 750-ஐக் கழிப்பது வளைவை அப்படியே கீழே இறக்குமே தவிர, பக்கவாட்டில் நகர்த்தாது.

எனக்கு இன்னொரு வழிதான் ரொம்பப் பிடிக்கும். (வி − 40), (120 − வி) இரண்டையும் கூட்டிப்பாருங்கள், வி எதுவானாலும் 80 வரும். கூட்டுத்தொகை மாறாத இரண்டு எண்களின் பெருக்கல் எப்போது அதிகம்? இரண்டும் சமமாக இருக்கும்போது. 10-ம் 70-ம் பெருக்கினால் 700, 30-ம் 50-ம் பெருக்கினால் 1500, 40-ம் 40-ம் பெருக்கினால் 1600. ஒரே நீளக் கயிற்றால் செவ்வகம் போட்டால் சதுரத்துக்குத்தான் பரப்பு அதிகம் என்பதும் இதேதான். ஆக (வி − 40) = 40, வி = 80. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இதைச் சொல்லிப் புரியவைத்திருக்கிறேன்.

ஒரே சார்பை மூணு விதமா எழுதுறாங்களே, எதுக்கு?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு செய்தியைக் கண்முன்னால் வைக்கும். விரித்த வடிவம் −2வி² + 320வி − 10350 ஒய் அச்சை வெட்டும் இடத்தைச் சொல்லும். காரணி வடிவம் −2(வி − 45)(வி − 115) லாபமும் நட்டமும் இல்லாத விலைகளைச் சொல்லும். முனை வடிவம் −2(வி − 80)² + 2450 உச்சியைச் சொல்லும். கடைசி வடிவத்தை வாய்விட்டுப் படியுங்கள்: "2450-இலிருந்து ஏதோ ஒன்று கழிகிறது, அந்த ஏதோ ஒன்று குறை எண்ணாகவே ஆகாது." அப்படியானால் 2450-ஐத் தாண்ட வழியே இல்லை. ஒரு எச்சரிக்கை, (வி − 80) என்று இருந்தால் முனை +80-இல் இருக்கிறது. மைனஸைப் பார்த்து −80 என்று எழுதுகிறவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள்.

ரெண்டு பூச்சியம் வருது, 45-ம் 115-ம். லாப நட்டம் இல்லாத விலை ஒண்ணுதானே இருக்கணும்?

இரண்டு இருக்கிறது, இரண்டுமே உண்மை. 45 ரூபாய்க்கு விற்றால் ஒரு பொட்டலத்தில் 5 ரூபாய் நிற்கும், 150 பொட்டலம் போகும்; 5 × 150 = 750. கூலிக்கும் வாடகைக்கும் சரியாகப் போய்விடும். 115 ரூபாய்க்கு விற்றால் ஒன்றில் 75 ரூபாய் நிற்கும், 10 பொட்டலம்தான் போகும்; 75 × 10 = 750. மறுபடியும் சரியாகப் போய்விடும். மலிவாக விற்றுக் கட்டுப்படியாவது ஒரு வழி, ஏற்றி விற்றுக் கட்டுப்படியாவது இன்னொரு வழி. இரண்டுக்கும் இடைப்பட்ட விலைகளில்தான் லாபம்.

சிலர் 40-தான் கட்டுப்படியாகும் விலை என்று எழுதுகிறார்கள். 40 என்பது அடக்கம். 40-க்கு விற்றால் பொட்டலத்துக்கு நட்டமில்லை, ஆனால் நாளுக்கு 750 ரூபாய் நட்டம்.

80-க்கு மேல வளைவு இறங்குது. அப்ப 80-க்கு மேல வித்தா நட்டமா?

இல்லை. இறங்குவது வேறு, அச்சுக்குக் கீழே போவது வேறு. 80-இலிருந்து 115 வரை லாபம் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் அது லாபம்தான். 100 ரூபாயில்கூட 1650 ரூபாய் கிடைக்கிறது. அதேபோல 45-க்குக் கீழே வளைவு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அங்கே இருப்பது நட்டம். நட்டம் குறைந்துகொண்டு வருகிறது, அவ்வளவுதான். "லாபம் எப்போது கூடுகிறது?" என்ற கேள்விக்கு முனையைப் பாருங்கள். "எப்போது லாபம் இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பூச்சியங்களைப் பாருங்கள்.

ஒய் அச்சை −10350-ல வெட்டுது. கடையைத் திறக்காமலே பத்தாயிரம் ரூபாய் நட்டமா?

திறக்காமல் இல்லை, திறந்து இலவசமாகக் கொடுத்தால். இங்கே கிடைமட்ட அச்சில் இருப்பது விலை. வி = 0 என்றால் சும்மா கொடுக்கிறோம் என்று அர்த்தம். 240 பொட்டலம் போகும், அடக்கம் 9600, அதோடு 750, மொத்தம் 10350. கணக்கு சரி, ஆனால் எந்தக் கடைக்காரரும் இந்த எண்ணைக் கேட்க மாட்டார். எல்லா வெட்டுத்துண்டுக்கும் உபயோகம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அடுத்த பதிலில் இதே வெட்டுத்துண்டு மிகவும் பயனுள்ளதாக மாறுவதைப் பாருங்கள்.

புத்தகத்துல எக்ஸ்-னா எண்ணிக்கைன்னு போட்டிருக்கு, நீங்க விலைங்கிறீங்க. எது சரி?

இரண்டும் சரி. எண்ணிக்கையை வைத்து எழுதினால் விலை 120 − எ/2. அப்போது லா = −எ²/2 + 80எ − 750. முனை (80, 2450). இப்போது முதல் 80 பொட்டலத்தைக் குறிக்கிறது. பூச்சியங்கள் 10-ம் 150-ம், இவையும் பொட்டலங்கள்தான். முன்னே வந்த 115 ரூபாய்க்கு இந்த 10 பொட்டலம் ஜோடி, 45 ரூபாய்க்கு 150 பொட்டலம் ஜோடி. ஒய் அச்சை வெட்டும் இடம் −750: ஒரு பொட்டலம்கூட விற்காத நாளில் கையிலிருந்து போகும் கூலியும் வாடகையும். இப்போது இது கடைக்காரருக்குத் தெரிந்த எண்.

அதனால் கேள்வியைப் படித்தவுடன் கிடைமட்ட அச்சில் என்ன இருக்கிறது, என்ன அலகு என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஒவ்வொரு 5 ரூபாய் ஏற்றத்துக்கும் 10 பொட்டலம் குறையும்"னு கணக்கு. விடை 4-ன்னு வருது. 4 ரூபாய்க்கு எப்படி முந்திரி விக்க முடியும்?

முடியாது என்று உங்களுக்கே தோன்றியதல்லவா, அதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். இங்கே மாறி என்பது எத்தனை தடவை ஏற்றினோம் என்பது. அதை உ என்று வைப்போம். விலை 60 + 5உ, எண்ணிக்கை 120 − 10உ. லா = (20 + 5உ)(120 − 10உ) − 750 = −50உ² + 400உ + 1650. முனையில் உ = 4. நாலு தடவை 5 ரூபாய் ஏற்றினால் விலை 60 + 20 = 80. பழைய விடையேதான். சமன்பாடு தந்த எண்ணைக் கேள்வி கேட்ட எண்ணாக மாற்றும் அந்தக் கடைசிப் படியைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

இதில் ஒய் அச்சை வெட்டும் இடம் 1650, அதாவது ஏற்றாமல் இருந்தால் இன்று கிடைக்கும் லாபம். பூச்சியங்கள் 11-ம் −3-ம். இங்கே நிறையப் பேர் "குறை எண் வரக்கூடாது, விட்டுவிடு" என்று −3-ஐ அடித்துவிடுகிறார்கள். வயதையும் நீளத்தையும் கேட்கும் கணக்குகளில் வந்த பழக்கம் அது. இங்கே −3 என்றால் மூன்று தடவை இறக்குவது: 60 − 15 = 45 ரூபாய். முதலில் பார்த்த அதே கட்டுப்படி விலை. குறை எண்ணை அடிப்பதற்கு முன்னால் அதற்கு ஒரு பொருள் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

டீச்சர், எனக்கு 60 ரூபாயிலதான் கல்லா நல்லா நிறையுது. நீங்க 80-ங்கிறீங்களே?

ஒரு மாணவியின் அப்பா கேட்டது; அவரும் முந்திரி விற்பவர். அவர் சொல்வதும் சரி. கல்லாவில் விழும் பணம் வி × (240 − 2வி). இது 0-இலும் 120-இலும் பூச்சியம், நடுவில் 60. அங்கே வரவு 60 × 120 = 7200 ரூபாய், அதற்கு மேல் எந்த விலையிலும் வராது. 80 ரூபாயில் வரவு 80 × 80 = 6400-தான். கல்லாவில் 800 ரூபாய் குறைகிறது. ஆனால் 40 பொட்டலம் குறைவாக வறுக்கிறோம், அடக்கத்தில் 1600 ரூபாய் மிச்சம். 800 போய் 1600 மிஞ்சினால் கையில் 800 கூடுகிறது. 1650 என்பது 2450 ஆகிறது.

வரவுக்கு ஒரு பரவளையம், லாபத்துக்கு இன்னொரு பரவளையம், இரண்டுக்கும் முனை வேறு. 1838-இல் பிரான்சில் கூர்னோ என்ற கணிதப் பேராசிரியர் விலைக்கும் விற்பனைக்கும் உள்ள உறவை ஒரு சார்பாக எழுதி, அதிகபட்ச லாபம் தரும் விலையைக் கணக்கிட்டுக் காட்டினார். அவர் எடுத்த உதாரணம் ஒரு ஊற்றின் தாதுநீரை விற்பவர். ஊற்று நீருக்கு அடக்கம் இல்லை. அதனால் அங்கே வரவின் உச்சியும் லாபத்தின் உச்சியும் ஒரே விலையில் வரும். அடக்கம் என்று ஒன்று வந்தவுடன் லாபத்தின் உச்சி வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. முந்திரிக்கு அடக்கம் 40. உச்சி 60-இலிருந்து 80-க்கு, அதாவது அடக்கத்தில் பாதி, 20 ரூபாய் நகர்ந்தது.

என் அப்பா முதுநகரில் மளிகைக் கடை வைத்திருந்தார். ராத்திரி கல்லாவை எண்ணி முடித்து, அன்றைக்கு வியாபாரம் நல்லதா கெட்டதா என்று அதை வைத்தே சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுகளை அடுக்கிக் கொடுத்தது நான்தான். இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வண்டி வாடகை 250 ரூபாய் ஏறிடுச்சு. விலையை ஏத்தினாத்தானே சரிக்கட்ட முடியும்?

தோன்றுவது அப்படித்தான். ஆனால் வாடகை ஏறியதால் வாங்க வருகிறவர் மனம் மாறவில்லை, பொட்டலத்தின் அடக்கமும் மாறவில்லை. சமன்பாட்டில் 10350 மட்டும் 10600 ஆகிறது. பரவளையம் அப்படியே 250 கீழே இறங்குகிறது. முனை 80-இலேயே இருக்கிறது, லாபம் 2450-இலிருந்து 2200 ஆகிறது. 80-ஐ விட்டு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இன்னும் குறையும். ஏற்கெனவே 80-இல் விற்கிறவர் வாடகைக்காக 90 ஆக்கினால், வாடகையோடு இன்னொரு 200 ரூபாயும் சேர்ந்து போகும்.

மாறுவது பூச்சியங்கள். அவை உள்ளே நெருங்கி வருகின்றன, சுமார் 46.83 ரூபாய், 113.17 ரூபாய். லாபம் தரும் விலைகளின் இடைவெளி சுருங்குகிறது.

முந்திரி விலை ஏறி அடக்கம் 45 ஆயிடுச்சுன்னா? அப்பவும் 80-தானா?

இல்லை, இப்போது நகரும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகள் எப்படிக் கிடந்தன என்று இந்தப் பகுதிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கின் விலை ஏறுவது இங்கே புத்தகக் கணக்கு அல்ல. அடக்கம் 45 என்றால் பூச்சியமாகும் இரண்டு விலைகள் 45-ம் 120-ம். நடுவில் 82.50. அடக்கம் 5 ரூபாய் ஏறினால் விலை 2.50-தான் ஏற வேண்டும், ஏறியதில் சரிபாதி. மீதிப் பாதியைக் கடைக்காரர் தாங்கிக்கொள்வதுதான் அவருக்கே நல்லது. முழு 5 ரூபாயையும் வாங்குகிறவர் தலையில் வைத்தால், குறையும் பொட்டலங்கள் அதைச் சாப்பிட்டுவிடும்.

82 ரூபா 50 காசுக்கு யாரு சில்லறை குடுப்பாங்க?

யாரும் கொடுக்க வேண்டாம். 82-க்கும் 83-க்கும் லாபம் ஒன்றுதான், 2062 ரூபாய், 82.50-இல் 2062.50. 80-க்கே விற்றாலும் 2050. நாளெல்லாம் சேர்த்து இழப்பது 12 ரூபாய் 50 காசு. பரவளையத்தின் உச்சி கூர்மையாக இருக்காது, மேடு போல் தட்டையாக இருக்கும். முனை வடிவத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: உச்சியிலிருந்து எத்தனை ரூபாய் விலகுகிறோமோ அதன் வர்க்கத்தின் இரண்டு மடங்குதான் இழப்பு. 5 ரூபாய் விலகினால் 50, 10 விலகினால் 200, 20 விலகினால் 800. பரீட்சையில் மட்டும், விலை முழு எண்ணாக வேண்டும் என்று கேட்டால் முனைக்கு இரண்டு பக்கமும் உள்ள முழு எண்களைப் போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

தன்மைக்காட்டி மைனஸ்ல வந்தா நான் கணக்கைத் தப்பாப் போட்டிருக்கேனா?

இருக்கலாம், கட்டாயமில்லை. தன்மைக்காட்டி (பி² − 4ஏசி) என்பது எத்தனை பூச்சியங்கள் உண்டு என்று சொல்லும் எண். நம் கணக்கில் தன்மைக்காட்டி 320² − 4 × 2 × 10350 = 19600, வர்க்கமூலம் 140; அதனால் இரண்டு பூச்சியங்கள். கூலியும் வாடகையும் சேர்ந்து 3200 ஆனால் தன்மைக்காட்டி பூச்சியம், வளைவு அச்சை 80-இல் தொட்டுவிட்டுத் திரும்பும். 3200-ஐத் தாண்டினால் குறை எண். அப்போது எந்த விலைக்கு விற்றாலும் நட்டம்தான் என்று சமன்பாடு சொல்கிறது. மெய் மூலங்கள் (பூச்சியங்கள்) இல்லை என்பதே ஒரு விடை, அதை அப்படியே வாக்கியமாக எழுதுங்கள்.

மாசி மகத்தன்று நல்ல இடமாகப் பார்த்து, கூலியோடு சேர்த்து 3500 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார், ஆனால் கூட்டம் வழக்கம்போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80-க்கு விற்றால் 300 ரூபாய் நட்டம். கடை போடாமல் வீட்டில் இருந்தால் 3500-ம் போகும். அதனால் அன்றைக்கும் முனைக்குப் பொருள் உண்டு. அதுதான் மிகக் குறைந்த நட்டம்.

வீட்டுல ஒரு நாளைக்கு 70 பொட்டலம்தான் வறுக்க முடியும். அப்ப முனையை வெச்சு என்ன பண்றது?

முனைக்கு 80 பொட்டலம் வேண்டும், கையில் 70-தான். மதிப்பகம், அதாவது வி எடுக்கக்கூடிய மதிப்புகளின் எல்லை, சுருங்கிவிட்டது. 240 − 2வி என்பது 70-க்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றால் வி குறைந்தது 85. அந்தப் பகுதியில் வளைவு முழுக்க இறங்குமுகம், அதனால் ஓரத்திலேயே நிற்பதுதான் நல்லது: 85 ரூபாய்க்கு 70 பொட்டலம், லாபம் 2400. முனை 80 என்று படித்ததற்காக 80-க்கு விற்றால் 80 பேர் கேட்பார்கள், 70 பேருக்குத்தான் இருக்கும், லாபம் 2050 ஆகிவிடும். உறையில் அதிகபட்ச விலை 75 என்று அச்சிட்டுவிட்டாலும் இப்படித்தான்; அப்போது 75-தான் சிறந்த விலை.

மதிப்பகத்தைப் பற்றி இன்னொன்று. வி = 130 என்று போட்டால் சமன்பாடு 2550 ரூபாய் நட்டம் என்கிறது. உண்மையில் அன்றைக்கு யாரும் வாங்க மாட்டார்கள், நட்டம் 750-தான். −20 பொட்டலம் விற்றதாகச் சமன்பாடு எடுத்துக்கொண்டது. 120-க்கு மேல் வரைபடத்தை நம்பாதீர்கள்.

வகையிடல் படிச்சாச்சு. இனிமே இதெல்லாம் எதுக்கு மிஸ்?

வகையிடல் என்பது வளைவு ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, இறங்குகிறது என்று கணக்கிடுவது. லாபத்தை வகையிட்டால் −4வி + 320, அதைப் பூச்சியமாக்கினால் 80. எண்ணிக்கை வழியில் போனால் இறுதிநிலை வருவாய் (இன்னும் ஒரு பொட்டலம் விற்றால் கூடும் வரவு) 120 − எ, இறுதிநிலைச் செலவு (அந்தப் பொட்டலத்துக்குக் கூடும் செலவு) 40, இரண்டையும் சமப்படுத்தினால் 80 பொட்டலம். சீக்கிரம் முடியும், பிளஸ் ஒன்னில் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் அந்த 80 விலையா பொட்டலமா என்பதை வகையிடல் சொல்லாது. வாடகை ஏன் உச்சியை நகர்த்தவில்லை என்பதற்கு மட்டும் அது ஒரு அழகான காரணம் தருகிறது: மாறிலியை வகையிட்டால் பூச்சியம்.

நிஜமாவே 80-க்கு வித்தா எனக்கு 2450 கிடைச்சிடுமா டீச்சர்?

கல்லாவைப் பற்றிக் கேட்ட அதே அப்பா, இரண்டு வாரம் கழித்துக் கேட்டது. உறுதியாகச் சொல்ல முடியாது. ரூபாய்க்கு 2 பொட்டலம் குறையும் என்பது 60-க்குப் பக்கத்தில் நாம் வைத்துக்கொண்டது. அதே கோடு 80 வரை நேராகப் போகும் என்பது நம் ஊகம். 110 வரை போகும் என்பது இன்னும் பெரிய ஊகம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு கோடு, செவ்வாய்க்கிழமைக்கு வேறு கோடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பீச்சுக்கே ஆள் குறைவு. பக்கத்து வண்டிக்காரர் 60-இலேயே நின்றுவிட்டால் 2 என்பது 4 ஆகலாம்.

ஆனால் உச்சி தட்டையானது என்று பார்த்தோமே, அது இங்கே கைகொடுக்கும். 60-இலிருந்து 80-க்குப் போனால் கூடுவது 800. அதில் 600 ரூபாய், 60-இலிருந்து 70-க்குப் போகும்போதே வந்துவிடுகிறது. 70-இலிருந்து 80 வரை கூடுவது 200-தான். அந்த 200-க்காக, தெரியாத பகுதிக்குள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அதனால் அவரிடம் 80 என்று சொல்லவில்லை, 70 என்றுதான் சொன்னேன். இரண்டு வாரம் 70-க்கு விற்று, தினமும் போன பொட்டலத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தனிப் பக்கத்தில். நோட்டைக் கொண்டுவந்தால் அவரையும் அவர் மகளையும் உட்காரவைத்து 240-ம் 2-ம் சரிதானா என்று சேர்ந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.